கல்லடி வீட்டில் ஒரு ஸ்டட் சுவர்: குறுக்குகளைப் பார்த்த பிறகே பலகை அடிக்க விட்டேன்

கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலை மறித்து அம்மாவுக்கு ஓர் அறையும், அதோடு சேர்ந்த ஒரு சின்ன பாத்ரூமும் எடுத்திருக்கிறோம். கல் வைத்துக் கட்டவில்லை. இரும்பு ஸ்டட் (தகட்டில் மடித்த நிமிர்ந்த சட்டம்) நிறுத்தி, இரு பக்கமும் பலகை அடித்த சுவர். மட்டக்களப்பு நகரத்தில் கடைகளும் கிளினிக்குகளும் அலுவலகங்களும் இப்போது இப்படித்தான் மறிக்கப்படுகின்றன. ஆனால் வீட்டுக்குப் போடச் சொன்னால் ஆட்கள் பின்வாங்குகிறார்கள். "தட்டினால் டொக் டொக் என்று கேட்கும், கை வைத்தால் ஆடும், ஒரு படம்கூடக் கொழுவ ஏலாது" என்று எனக்கும் பலர் சொன்னார்கள். எங்கள் சுவர் ஒரு வாடைக்காலத்தையும் ஒரு கச்சான் காற்றுக் காலத்தையும் கண்டுவிட்டது. அம்மா தினமும் அதில் பதித்த கைபிடியைப் பிடித்துத்தான் எழும்புகிறார். பொருளைப் பற்றியும், செய்து தந்த பிள்ளைகளின் வேலையைப் பற்றியும் இப்போது தைரியமாக எழுதலாம்.

நான் அரச திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டட வரைபடங்களோடுதான் வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. அதனால் சில இடங்களில் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுவேன்.

முதலில், ஏன் கல் சுவர் வேண்டாம் என்று முடிவெடுத்தோம்? கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். எங்கள் ஹோலின் தரை மணலுக்கு மேல் மெல்லிய கொங்கிறீட் போட்டு டைல்ஸ் பதித்த தரை. அதற்குக் கீழே அத்திவாரம் கிடையாது. இருபுறமும் பூசிய அரைக்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் எடை வரும். ஜிப்சம் பலகை அடித்த ஸ்டட் சுவர் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அத்திவாரம் இல்லாத தரையில் அவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டு, பிறகு தரை இறங்கிச் சுவர் வெடிப்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை. இன்னொன்று, அம்மாவுக்கு மூச்சிழுப்பு. டைல்ஸ் உடைத்து, தரை கிண்டி, சீமெந்துத் தூசி பறக்க வேலை செய்யும் வீட்டில் அவரை வைத்திருக்க முடியாது.

விலை கேட்க வந்தவர்களில் பெரும்பாலானோர் நேரே டேப்பை இழுத்து நீளத்தையும் உயரத்தையும் அளந்தார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கைச் சொன்னார்கள். ஆரையம்பதியிலிருந்து வந்த தம்பி மட்டும் டேப்பை எடுக்கவே இல்லை. "அக்கா, இந்தச் சுவரில என்னென்ன கொழுவப் போறீங்க? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? அம்மம்மா எதைப் பிடிச்சு எழும்புவா? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றார். வேலையை யாருக்குக் கொடுப்பது என்ற யோசனை எனக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஸ்டட் சுவரின் பலம் முழுவதும் அந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. எங்கே என்ன பாரம் வரும் என்று தெரிந்தால்தான் எங்கே குறுக்குச் சட்டம் வைக்க வேண்டும் என்று தெரியும். பலகையை அடித்து மூடிய பிறகு அதைத் தேடிப் பயனில்லை.

குறுக்குச் சட்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தரையிலும் மேலே கொங்கிறீட்டின் அடியிலும் ட்ராக் என்ற பள்ளத் தகட்டை அடிப்பார்கள். இரண்டு ட்ராக்குக்கும் இடையில் ஸ்டட்டுகள் நிமிர்ந்து நிற்கும். ஓர் ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட்டுக்குக் கிடையாகப் போடும் துண்டுதான் குறுக்கு. தம்பிமார் அதைக் "குறுக்கு" என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மரச் சட்டச் சுவரிலும் இது உண்டு, இரும்புச் சட்டத்திலும் உண்டு. ஆனால் இரும்பில் இதன் தேவை இன்னும் கூடுதல்.

காரணம் ஸ்டட்டின் உருவத்தில் இருக்கிறது. மெல்லிய தகட்டை மூன்று பக்கம் மடித்து, ஒரு பக்கம் வாயைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அப்படித் திறந்த உருவத்தை முகத்தில் அழுத்தினால் அது நேராக வளையாது, முறுக்கிக்கொண்டு திரும்பும். நீங்களே கடையில் ஒரு 10 அடி ஸ்டட்டை இரண்டு முனையிலும் பிடித்துப் பாருங்கள். அகலமான பக்கத்துக்கு அது விறைப்பாக நிற்கும். ஒடுங்கிய பக்கத்துக்கு விரலால் தள்ளினாலே வளையும், முறுகும். இரு பக்கமும் பலகை அடித்த பின் அந்தப் பலகையே ஓரளவுக்குப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பலகை இருக்கும் இடம், பாரம் தொங்கும் இடம், கதவுக்குப் பக்கம், உயரமான சுவர் ஆகியவற்றுக்குப் பலகையை மட்டும் நம்ப முடியாது. குறுக்கு போட்டால் ஸ்டட் முறுக இடமில்லை, பக்கவாட்டில் வளையவும் இடமில்லை.

தூண்கள் பாரத்தில் பக்கவாட்டாக வளைந்து விழுவதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் லெயோனார்ட் ஆய்லர், 1744இல். தாங்கல் இல்லாத நீளத்தைப் பாதியாக்கினால் தூண் வளையத் தொடங்கும் சுமை 4 மடங்காகும் என்பது அந்தக் கணக்கிலிருந்து வருவது. 10 அடி ஸ்டட்டின் நடுவில் ஒரு குறுக்கு வைப்பது இந்த வேலையைத்தான் செய்கிறது. எங்கள் சுவர் கூரையைத் தாங்கும் சுவர் இல்லை, அதனால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நடுவில் பிடித்த ஸ்டட்டுக்கும் பிடிக்காத ஸ்டட்டுக்கும் உள்ள வித்தியாசம் கையை வைத்தால் தெரியும். பலகை அடிக்கும் முன் நான் கையை வைத்துத்தான் பார்த்தேன்.

எங்கள் ஊருக்கு இது புது விஷயமும் இல்லை. பழைய மண் வீடுகளில் கப்பு (மரக் கால்) நட்டு, இரு பக்கமும் வரிச்சு (கிடைக் கம்புகள்) கட்டி, நடுவில் மண் அப்புவார்கள். கப்பு தனியே நின்றால் ஆடும். வரிச்சு கட்டிய பிறகுதான் அது சுவர். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது எங்கள் பழைய குசினியின் கூரை போய், மண் முழுவதும் கரைந்து விழுந்தது. வரிச்சோடு கட்டிய கூடு மட்டும் நின்றது. அம்மா அதை இப்போதும் சொல்லுவார். தம்பிமார் குறுக்கு போட்டுக்கொண்டிருக்கும்போது கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, "வரிச்சுத்தானே இது" என்றார். பெரிய தம்பிக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

எங்கள் ஹோலின் உயரம் 10 அடி. சுவரின் நீளம் 14 அடி. ஸ்டட் 75 மில்லிமீட்டர் அகலம். அறைப் பக்கத்துக்கு ஜிப்சம் பலகை, பாத்ரூம் பக்கத்துக்குச் சீமெந்துப் பலகை. ஸ்டட்டுகளை நடுவுக்கு நடு 16 அங்குலத்தில் நிறுத்தினார்கள். 24 அங்குலத்தில் நிறுத்தினால் செலவு குறையும். பலகையின் அகலம் 4 அடி என்பதால் இரண்டு கணக்கும் பலகை ஓரத்துக்குச் சரியாக வந்து சேரும். டைல்ஸ் ஒட்டும் பக்கத்துக்கு 24 சரிவராது என்று தம்பி சொன்னார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். பலகை கொஞ்சம் வளைந்தாலும் டைல்ஸ் சந்து வெடிக்கும், அதற்குள் தண்ணீர் போகும்.

பலகையின் நீளம் 8 அடி. சுவரின் உயரம் 10 அடி. ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் மேலோ கீழோ 2 அடித் துண்டு ஒன்று வரும், அந்த இடத்தில் ஒரு கிடைச் சந்து வரும். 10 அடிச் சுவருக்கு 8 அடிப் பலகை போடும் எந்த வீட்டுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. அந்தச் சந்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லையென்றால், ஸ்டட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையில் பலகையின் இரு ஓரங்களும் காற்றில் நிற்கும். பூசி, நாடா ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொடுக்கும் நாளில் அழகாகத்தான் இருக்கும். பிறகு யாராவது சாய்ந்தாலோ கதவு அடித்தாலோ ஒரு மயிர்க்கோடு விழும். இவர்கள் செய்தது: ஒரு பலகைக்குச் சந்து தரையிலிருந்து 8 அடியில், பக்கத்துப் பலகைக்கு 2 அடியில். சந்துகள் ஒரே கோட்டில் வராமல் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு சந்துக்குப் பின்னாலும் ஒரு குறுக்கு. இதற்கு மேலதிகமாக 5 அடியில் சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முழு வரிசை. அந்த வரிசையின் இரண்டு முனையும் கல் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய ஸ்டட்டில் போய் முடிந்தது.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் முக்கியம். விலை கேட்டபோது இன்னொருவர், "குறுக்கு எதற்கு, ஒரு பட்டித் தகட்டை எல்லா ஸ்டட்டுக்கும் மேலால் இழுத்து ஸ்குரூ அடித்து விடுகிறேன்" என்றார். பட்டித் தகடு போடும் முறையும் உலகத்தில் உள்ளதுதான். ஆனால் தகடு இழுவையை மட்டும்தான் தாங்கும், தள்ளினால் மடங்கும். அதனால் ஸ்டட்டின் இரு முகத்திலும் தகடு வேண்டும். வரிசையின் முனைகளிலும் இடையிடையேயும் கட்டியான குறுக்கு வைத்துத் தகட்டை அதில் கட்ட வேண்டும். இல்லையென்றால் எல்லா ஸ்டட்டும் சேர்ந்து ஒரே பக்கத்துக்கு முறுகும், தகடும் அதோடு போகும். இதை அவரிடம் கேட்டபோது பதில் வரவில்லை.

வெளிநாட்டில் இதற்கென்றே செய்த கம்பிகள் விற்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டட்டின் நடுவில் உள்ள துளைகளுக்கூடாக ஒரு நீண்ட சனலைச் செலுத்தி, ஒவ்வொரு ஸ்டட்டிலும் சிறிய மூலைத்தகடு வைத்து ஸ்குரூ அடிப்பார்கள். இன்னொரு வகையில் அந்தக் கம்பியிலேயே 16, 24 அங்குலக் கணக்கில் வெட்டுகள் இருக்கும். துளைக்குள் செலுத்தித் திருப்பினால் வெட்டு ஸ்டட்டின் தகட்டைக் கவ்விக்கொள்ளும். இடைவெளி தானாக நிற்கும், முறுக்கமும் தடுக்கப்படும். படம் பார்த்து நானே வியந்திருக்கிறேன். காத்தான்குடிக் கடைகளில் விசாரித்தேன், ஒருவரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. கடைக்காரக் காக்கா ஒருவர் நான் வரைந்து காட்டிய படத்தைத் தன் போனில் பிடித்து வைத்துக்கொண்டார்.

எங்கள் தம்பிமார் செய்தது எளிய முறை, அதற்கு எந்தப் புதுப் பொருளும் தேவையில்லை. ட்ராக்கில் மிச்சம் வரும் துண்டை இடைவெளியை விட 4 அங்குலம் கூடுதலாக வெட்டுவார்கள். இரு முனையிலும் 2 அங்குலத்துக்குப் பக்க மடிப்புகளைக் கத்தரித்து, நடுத் தகட்டை நாக்கு மாதிரி விடுவார்கள். அந்த நாக்கை ஸ்டட்டின் முகத்தில் வைத்துத் தட்டைத் தலை ஸ்குரூ இரண்டு. தலை தட்டையாக இருப்பதால் மேலே வரும் பலகை உப்பி நிற்காது. ஒரு ஸ்குரூ மட்டும் போட்டால் குறுக்கு அதைச் சுற்றித் திரும்பிவிடும், இரண்டு கட்டாயம். அடித்ததும் ஒவ்வொன்றையும் கையால் முறுக்கிப் பார்த்தார்கள். இளைய பையன் ஒருவன் நாக்கை ஒரு பக்கம் குறுக்கி வெட்டிவிட்டான். பெரிய தம்பி ஒரு சத்தமும் போடாமல் அதைக் கழற்றி வேறு துண்டு வெட்டச் சொன்னார்.

இனி அம்மாவின் கைபிடி. இந்த வேலை முழுவதும் எனக்கு அதற்காகத்தான்.

பாத்ரூமில் கொமட் பக்கத்தில் ஒரு கைபிடி, குளிக்கும் இடத்தில் ஒன்று. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளி அணுகல் விதிகளில் கைபிடி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், 250 பவுண்டு விசையைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. அது 113 கிலோ. வயதானவர் வழுக்கும்போது மெல்லப் பிடிக்க மாட்டார், உடம்பு முழுவதையும் ஒரே இழுவையில் அதில் போடுவார். பலகையில் துளை போட்டுப் பிளக் செருகி மாட்டிய கைபிடி அந்த இழுவையில் பலகையோடு பெயர்ந்து வரும். அப்படிப்பட்ட கைபிடி இல்லாமலிருப்பதே நல்லது. ஒன்றும் இல்லையென்றால் கவனமாக நடப்பார். இருக்கிறது என்று நம்பிப் பிடித்து விழுவதுதான் கொடுமை.

கைபிடியின் துளைகள் நேரே ஸ்டட்டின் மேல் வந்து விழும் என்று எதிர்பார்க்க முடியாது. விழுந்தாலும் அந்த மெல்லிய தகட்டில் இரண்டு ஸ்குரூ போதாது. அதனால் ஸ்டட்டுக்கு இடையில் மரக் குறுக்கு வைக்க வேண்டும். எங்கள் பழைய குசினிக் கதவு நிலை முதிரை மரம், பின்வளவில் கிடந்தது. நாலுக்கு மூன்று சட்டம். மூன்று அங்குலப் பக்கம் 75 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குள் அளவாகப் போய் உட்கார்ந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு துண்டு வைத்ததால் 8 அங்குல அகலத்துக்கு மரம் கிடைத்தது. கைபிடியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கவும் இடம் இருந்தது. முதிரையைக் கறையான் இலேசில் தொடாது, அது பெரிய ஆறுதல். ஆனால் இரும்பு மாதிரி இறுகிய மரம். ஸ்குரூத் தலைகள் முறிந்தன. பிறகு ஒவ்வொரு துளையையும் முன்கூட்டியே ட்ரில் பண்ணி, நுனியில் சவர்க்காரம் தடவி ஏற்றினார்கள். பழைய மரம் இல்லாதவர்கள் 18 மில்லிமீட்டர் நீர்தாங்கும் பிளைவூட்டை ஸ்டட்டுக்கு இடையில் போட்டு இறுக்கலாம் என்று தம்பி சொன்னார். அதுவும் சரியான வழிதான்.

கைபிடி மாட்டிய அன்று பெரிய தம்பி முதலில் தானே அதில் தொங்கிக் காட்டினார், பிறகு இன்னொருவரையும் சேர்த்துத் தொங்கச் சொன்னார். சுவரில் அசைவு இல்லை, டைல்ஸ் சந்தில் கீறல் இல்லை. அம்மா அதற்குப் பிறகுதான் கை வைத்தார்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பில் கதவு அடிபடாத வீடு இல்லை. ஸ்டட் சுவரில் கதவு அடிபட்டால் அந்த அதிர்வு நிலையின் மேல் மூலையில்தான் வெடிப்பாக வெளிவரும். இவர்கள் கதவின் இரு பக்கமும் ஸ்டட்டை இரட்டையாகப் போட்டு, உள்ளே மரச் சட்டம் செருகி, பிணைச்சல் வரும் உயரங்களில் பக்கத்து ஸ்டட்டுக்குக் குறுக்கு கொடுத்தார்கள். பலகையின் சந்து கதவு மூலைக்கு நேரே வராதபடி மூலையைச் சுற்றி வெட்டியும் அடித்தார்கள். கச்சான் போய்விட்டது. மூலையில் கோடு இல்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, பொருளில். கடையில் முதலில் தந்த ஸ்டட் கையில் எடுத்ததுமே மெலிவு தெரிந்தது, நடுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒரு ஸ்டட்டைத் தலைகீழாக நிறுத்தினால் துளைகள் ஒன்றுக்கொன்று நேர்வராது, வயர் பைப் வளைந்து நெளிந்து போகும். திருப்பிக் கொடுத்து வேறு கட்டு எடுத்தோம். கடைக்காரர் மாற்றித் தந்தார், ஆனால் ஏற்றி இறக்கும் கூலி எங்கள் தலையில்தான் விழுந்தது. வாங்கப் போகிறவர்கள் தகட்டின் தடிப்பைக் கேட்டு, அளக்கச் சொல்லி, பில்லில் எழுதியும் வாங்குங்கள்.

இரண்டாவது, உப்புக் காற்று. நாகம் (துத்தநாகம்) பூசிய தகடுதான், வெட்டு ஓரத்தில் சின்னக் கீறல்களை அந்த நாகமே காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் பாத்ரூம் பக்கம் ஈரமும் சேரும். வெட்டிய ஓரங்களுக்கு நாகப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நான் கேட்ட பிறகுதான் அடித்தார்கள். தாமாகச் செய்திருக்க வேண்டிய வேலை அது. கடலுக்கு இவ்வளவு கிட்ட வேலை செய்கிறவர்கள் அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சத்தம். ஹோலில் தொலைக்காட்சி ஓடினால் அறைக்குள் கேட்கும். உள்ளே பஞ்சு வைத்தால் குறையும் என்றார்கள். பாத்ரூம் பக்கம் மட்டும் வைத்தோம், மற்றப் பக்கம் செலவைப் பார்த்து விட்டுவிட்டோம். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எங்களுக்கு இது பெரிய தொல்லையாகவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்கு அறை எடுப்பவர்கள் பஞ்சைக் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வயர் வேலையில் ஒரு எச்சரிக்கை. வயர் வேலை செய்பவர் குறுக்கு வேலைக்குப் பிறகு வந்தார். பைப் போக இடைஞ்சலாக இருக்கிறது என்று 5 அடி வரிசையில் ஒரு குறுக்கை வெட்டப் போனார். நல்ல காலம், தம்பி அங்கே நின்றார். பைப்பைத் துளைக்கூடாகக் கொண்டுபோகவும், துளையின் கூரான ஓரத்துக்கு ரப்பர் வளையம் போடவும் காட்டிக் கொடுத்தார். செங்கலடியில் என் தங்கச்சி வீட்டில் வேறொரு குழு போட்ட சுவரில் இப்படித்தான் இருந்த ஒன்றிரண்டு குறுக்கும் வெட்டுப்பட்டுப் போயின. அங்கே ஸ்டட் 24 அங்குலத்தில். 8 அடி உயரத்தில் எல்லாச் சந்தும் ஒரே நேர்கோட்டில், பின்னால் ஒன்றுமே இல்லை. ஒரு வருடத்துக்குள் அந்த உயரத்தில் சுவர் முழுவதும் ஒரே கோடாக வெடித்தது. கை கழுவும் பேசின் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. திறந்து பார்த்தபோது பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தது பலகையில் செருகிய பிளக்குகள் மட்டுமே. தங்கச்சி கொடுத்த காசு எங்களுடையதை விடப் பெரிதாகக் குறைவும் இல்லை. இரண்டு சுவரையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதுதான் எனக்குக் கோபம். பார்க்க முடியாத இடத்தில் வேலையைக் குறைப்பது, அதை நம்பி வாழப்போகும் ஆளை ஏமாற்றுவது.

எங்கள் பில்லில் குறுக்குகளுக்கும் மரத் துண்டுகளுக்கும் ஆன மேலதிகச் செலவு, ஸ்குரூவும் கூலியும் சேர்த்து, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதிக் குறுக்கு ட்ராக்கின் மிச்சத் துண்டுகளிலேயே முடிந்தது. எனவே "குறுக்கு போட்டால் விலை ஏறும்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு ஏறும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

தம்பிமார் நேரத்துக்கு வந்தார்கள். வெட்டும் வேலை எல்லாவற்றையும் வெளியே வளவில் செய்தார்கள். மத்தியானம் அம்மா உறங்கும் நேரத்தில் ட்ரில் பிடிக்கவில்லை, யாரும் கேட்டுக்கொள்ளாமலே. கடைசியில் காந்தத்தைத் தரையில் இழுத்துத் தகட்டுத் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். வெறுங்காலோடு நடக்கும் வீட்டுக்கு அது பெரிய உபகாரம். பெயின்ட் வேலை மட்டும் சுமார். ஓரங்களில் தூரிகை அடித்த இடம் வேறு நிறமாகத் தெரிகிறது. மொத்தத்தில் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, நாகப் பெயின்டுக்கும் ஓரப் பெயின்டுக்கும்.

நீங்களும் போடப் போவதாக இருந்தால், ஒரு பக்கப் பலகை மட்டும் அடித்த நிலையில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறுக்கையும் கையால் முறுக்கிப் பாருங்கள். பிறகு டேப்பைச் சுவரில் பிடித்தபடியே படம் எடுங்கள், தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அங்குலம் என்று தெரியும்படி. நான் அதை ஒரு தாளில் அளவோடு வரைந்து அம்மாவின் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். அண்மையில் சுவாமிப் படத் தட்டு மாட்ட வேண்டி வந்தபோது மகன் அந்தத் தாளைப் பார்த்து முதல் துளையிலேயே குறுக்கைப் பிடித்தான்.

வெள்ளம் ஏறும் வளவு உள்ளவர்களுக்கு இன்னொன்று. 2011 ஜனவரி மாதிரி வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் ஜிப்சம் பலகை அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மெதுமெதுவென்று போய்விடும், அதைக் காப்பாற்ற முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் கீழ் 4 அடிக்குச் சீமெந்துப் பலகை போட்டு, பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடிக்கச் சொல்லுங்கள். 4 அடியில் இரண்டு பலகையும் சந்திக்கும் கோட்டுக்குப் பின்னால் சுவரின் முழு நீளத்துக்கும் ஒரு குறுக்கு வரிசை வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு கீழ்ப் பலகையை மட்டும் கழற்றி, உள்ளே காயவிட்டு, திரும்ப அடிக்கலாம்.